பம்புக் கடையைத் தேடியவர்கள்

கோப்பாயில் அந்தப் பெரிய கடை திறந்த மூன்றாம் நாள். வீதியிலிருந்த மற்றக் கடைக்காரர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் பார்ப்பதே பாவம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க, சிவகௌரி மட்டும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பார்க்காவிட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. பள்ளிக்கூடக் காலத்தில் வீட்டு வானொலியைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பூட்டத் தெரியாமல் அடி வாங்கியவள் அவள். நாற்பத்துநாலு வயதாகியும் அந்தக் குணம் இம்மியும் குறையவில்லை.

கொழும்புக் கொம்பனி ஒன்று கட்டிய கடை அது. முகப்பு முழுக்கக் கண்ணாடி. கொம்பனி ஏதோ வாயில் நுழையாத பெயர் வைத்திருந்தது. சனம் கண்ணாடிக் கடை என்று சொல்லி முடித்துவிட்டது. உள்ளே குளிரூட்டி, தள்ளுவண்டி, சீமெந்து முதல் குளியலறைக் குழாய் வரை ஒரே கூரையின் கீழ். சிவகௌரி வாய் பிளந்துதான் பார்த்தாள். அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமும் இல்லை. நீர்ப்பம்புகள் அடுக்கியிருந்த பக்கம் போய், சீருடை போட்ட பெண்ணிடம் கிணற்றுக்குள் இறங்குகிற குழாயின் அடியில் போடும் வோசர் ஒன்று கேட்டாள்.

"தனிய வராது அன்ரி. முழுச் செற்றாத்தான் எடுக்கவேணும்."

"வோசர் மட்டும் தேஞ்சிருந்தா?"

"செற்றையே மாத்துங்கோவன்."

ஓகோ, இதுதான் சங்கதி என்று மனதில் குறித்துக்கொண்டு, கூட்டுவதற்கு ஒரு தும்புத்தடியை வாங்கிக்கொண்டு தன் கடைக்குத் திரும்பினாள்.

"என்ன தங்கச்சி, உவையிட்டையே தும்புத்தடி வாங்கினனீங்கள்?" என்று கேட்டார் சிமியோன்.

"நல்ல தும்பு அண்ணை, விலையும் குறைவு. ஏன் பொய் சொல்லுவான்?"

சிமியோன் சிவகௌரியின் கடையில் மெக்கானிக். ஐம்பத்தாறு வயது, மானிப்பாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போகிறவர். பதினெட்டு வருடமாக அங்கேதான் வேலை. கதைப்பது குறைவு, கேட்பது அதிகம். தோட்டக்காரர்கள் இறைக்கிற மிசினுக்குப் பக்கத்தில் போனைப் பிடிப்பார்கள். இவர் மறுமுனையில் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்பார். "காத்து இழுக்குது, கழுத்துப் பக்கம் பாருங்கோ" என்பார். பார்த்தால் கழுத்துப் பக்கம்தான் வெடிப்பு இருக்கும்.

கடையின் பெயர் பரமலிங்கம் வர்த்தக நிலையம். பரமலிங்கம் சிவகௌரியின் அப்பா. அவர் செத்துப் பதினொரு வருடம். அவருடைய மகன், சிவகௌரியின் தம்பி கஜீபன், ரொறன்ரோவில் இருந்தான், மகள் கடையில் இருந்தாள். அவள் கணவர் வாகீசன் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர். கடைக் கணக்கென்றால் தலையிடி வந்துவிடும் மனிதர். ஆக, கடை முழுவதும் அவள் தலையில். கட்டடம் மட்டும் தம்பியின் பெயரில் இருந்தது.

கார்த்திகையில் திறந்த கண்ணாடிக் கடை மார்கழிக்குள் சனத்தையெல்லாம் வாரிக்கொண்டது. வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுகிற காலம் தொடங்கப்போகிறது, சிவகௌரியின் கடையில் ஈ ஓட்டவும் ஈ இல்லை. கஜீபனுக்கு விஷயம் எட்டிவிட்டது. நல்ல பிள்ளைதான் அவன், அக்கா மேல் உயிர். ஆனால் காப்புறுதிக் கொம்பனி ஒன்று அந்த இடத்தைக் கேட்டு அவனைக் குடைந்துகொண்டிருந்தது.

"அக்கா, நான் உன்னை நெருக்கேல்லை. சித்திரை வரைக்கும் பாப்பம். சரிவராட்டி இடத்தைக் குடுத்திட்டு நீ வீட்டிலை ஆறுதலா இரன்."

"ஆறுதலா இருந்து என்னத்தைச் செய்யிறது, சுவரைப் பாக்கிறதோ?" என்று சீறிவிட்டுப் போனை வைத்தாள். சித்திரைக்கு நாலு மாதம் கூட இல்லை. இந்தக் கெடுவைச் சிமியோனிடம் அவள் சொல்லவில்லை. மனுசனை ஏன் பயப்படுத்துவான் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள்.

சும்மா இருந்த ஒரு மத்தியானத்தில், தன் போனை எடுத்து, 'பம்பு திருத்தும் கடை' என்று எழுதித் தேடினாள். வரைபடம் விரிந்தது. கண்ணாடிக் கடை முதலாவதாக, படங்களோடு, பளபளவென்று வந்தது. அதன் கீழே சுன்னாகத்தில் ஒன்று, சாவகச்சேரியில் ஒன்று. நாற்பது வருடமாக நடுவீதியில் குந்திக்கொண்டிருக்கிற தன் கடையைக் காணவேயில்லை! விரலால் பெருப்பித்துப் பார்த்தாள். முடிதிருத்தும் கடை இருந்தது, தேத்தண்ணிக் கடை இருந்தது. இவளுடைய இடத்தில் வெறும் சாம்பல் நிறச் சதுரம்.

கோபத்தை விட ஆச்சரியம்தான் அவளுக்கு முந்தி வந்தது. அப்போ, வெளியூரிலிருந்து வருகிறவன் இந்த வீதியில் என்னத்தைப் பார்க்கிறான்? புதுசாகத் தோட்டம் செய்கிற பிள்ளைகள் ஆரிடம் விசாரிக்கிறார்கள்? ஒருத்தரிடமும் இல்லை, போனிடம். போனுக்கு இவளைத் தெரியாது.

இதைக் கஜீபனிடம் சொன்னதுதான் அவள் விட்ட முதல் பிழை. "விடு அக்கா, நான் செய்யிறன்" என்று பாய்ந்து விழுந்து, அங்கிருந்தே கடையை வரைபடத்தில் ஏற்றினான். என்ன வகைக் கடை என்று கேட்ட இடத்தில், அப்பாவின் கடை சின்னக் கடையாகத் தெரியக்கூடாதென்று, 'வணிக வளாகம்' என்று போட்டுவிட்டான். அடுத்த ஞாயிறு சாவகச்சேரியிலிருந்து ஒரு குடும்பம் வாடகை வான் ஒன்றில் வந்து இறங்கியது. தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள்.

"விளையாடுற இடம் எந்த மாடியிலை?" என்று தகப்பன் கேட்டார்.

சிவகௌரி மேலே பார்த்தாள். மேலே வெறும் தகரச் சீற்றுக் கூரை. அந்தப் பிள்ளைகளின் முகம் விழுந்ததைப் பார்க்கச் சகிக்காமல் ஆளுக்கொரு சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். வகையைத் தானே மாற்றினாள்.

இரண்டாவது பிழை கஜீபன் விட்டது, முதலாவதை விடப் பெரிது. கடைகளுக்குச் சனம் நட்சத்திரம் போட்டு, இரண்டு வரி எழுதுமாமே. அது கூடினால் வரைபடம் கடையை மேலே தூக்குமாமே. கஜீபன் இதை அறிந்தான். அறிந்தவன் சும்மா இருப்பானா? ஊர்ச் சங்கத்து வட்ஸ்அப் குழுவில் போட்டான். எங்கள் ஆட்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? ஊருக்கு ஒன்றென்றால் நித்திரையையும் விட்டு எழும்புவார்கள். இரண்டே நாளில் எண்பத்துமூன்று பேர் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். ரொறன்ரோ, லண்டன், பரிஸ், சூரிச், மெல்பேர்ண். இதில் முக்கால்வாசிப் பேர் கடையைக் கண்டு இருபது வருடத்துக்கு மேல்.

சிவகௌரி கதிரையில் சாய்ந்துகொண்டு ஒவ்வொன்றாய்ச் சிமியோனுக்கு வாசித்துக் காட்டினாள். 'சிறு வயதில் போயுள்ளேன், மறக்க முடியாத கடை.' 'எங்கள் மண்ணின் பெருமை.' 'பரமலிங்கம் மாமாவின் ஆத்மா சாந்தியடைய இறைவனைப் பிரார்த்திக்கிறோம்', அதற்கும் ஐந்து நட்சத்திரம். அதைப் பார்த்துவிட்டு, ஆள் இப்போதுதான் செத்துவிட்டார் என்று நினைத்து, அடுத்த பதினேழு பேரும் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்திருந்தார்கள். ஒருவர், 'கௌரி, எங்கட காணி வேலியை ஒருக்காப் பார்த்துச் சொல்லவும்' என்று எழுதியிருந்தார்.

சிமியோன் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறித் தண்ணீர் குடித்தார். சிவகௌரிக்கும் வயிறு நொந்தது.

மூன்றாம் நாள் காலை கடையைக் காணவில்லை. வரைபடத்தில்தான். எல்லா நட்சத்திரமும் அனுதாபமும் துடைத்தெடுக்கப்பட்டு, பழையபடி சாம்பல் சதுரம். கோப்பாயில் இருக்கிற ஒரு பம்புக் கடையை உலகம் முழுவதும் ஒரே இரவில் புகழ்ந்தால் எவனுக்கும் சந்தேகம் வரும்தானே? வரைபடக்காரருக்கும் வந்தது. போலிக் கருத்துகள் என்று சொல்லிப் பதிவை முடக்கிவிட்டார்கள். தை பிறந்து வெங்காயத் தோட்டங்களில் மிசின் சத்தம் தொடங்கிய கிழமை அது.

"உன்ரை சங்கத்தைக் கொண்டுபோய்க் குப்பையிலை போடு!" என்று தம்பியை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவன் அழாத குறை. "அக்கா, அன்பிலைதானே எல்லாரும் எழுதினவை" என்றான். அதுவும் உண்மைதான். அந்த உண்மையால் ஒரு சதத்துக்கும் பிரயோசனம் இல்லை.

பிறகு அவள் ஒருத்தரிடமும் கேட்கவில்லை. வானொலியைக் கழற்றியவள் அல்லவா, இதையும் கழற்றிப் பார்க்கத் தொடங்கினாள். மேன்முறையீடு செய்வது எப்படி என்று இரண்டு நாள் இருந்து படித்தாள். கடை உண்மையில் இருக்கிறது என்று காட்ட ஒரு வீடியோ கேட்டார்கள்: வீதி தெரியவேண்டும், பெயர்ப்பலகை தெரியவேண்டும், திறப்பால் கதவுப் பூட்டைத் திறந்து உள்ளே போகவேண்டும். சொந்தக் கடைக்குள் கள்ளி மாதிரி நடந்து நடந்து நாலு தரம் எடுத்தாள். அனுப்பிப் பதினோராம் நாள் கடை வரைபடத்தில் திரும்ப முளைத்தது. ஒரு நட்சத்திரமும் இல்லாமல், மொட்டையாக.

இந்த முறை, திருத்திய பம்பைத் தூக்க வருகிற ஆட்களிடம் மட்டும் கேட்டாள். "புகழ வேண்டாம். மிசினுக்கு என்ன வந்தது, இஞ்சை என்ன செய்தது, அதை மட்டும் எழுதுங்கோ." முதலில் எழுதியது பூரணம். நீர்வேலிப் பக்கம் ஆயிரம் கன்று மிளகாய் வைத்திருக்கிற மனுசி, கறாரான ஆள். அவ சொல்லச் சொல்ல மகள் தட்டினாள். 'மிசின் ஓடுது, தண்ணி வரேல்லை. கண்ணாடிக் கடையில் புது மிசின் வாங்கச் சொன்னார்கள். சிமியோன் வந்து பார்த்தார். குழாய்க்குள் தவளை. தவளையை எடுத்துவிட்டார், தண்ணி வருது.' நட்சத்திரம் நாலு. ஐந்தாவதைக் குறைத்ததற்கும் காரணம் போட்டிருந்தா: 'கடைக்காரி எரிஞ்சு விழுவா.'

"ஏனக்கா, நான் எப்ப எரிஞ்சு விழுந்தனான்?" என்று சிவகௌரி எரிந்து விழுந்தாள்.

பூரணம் அசையவில்லை. "உண்மையைத்தானே எழுதச் சொன்னனீ."

அப்படியே ஒவ்வொன்றாய்ச் சேர்ந்தது. வோசர் தனியாகக் கிடைக்கும், போனில் சத்தம் கேட்டே சொல்லுவார், ஞாயிறு காலையிலும் ஆள் நிற்கும். அந்தக் கண்ணாடிக் கடையில் இல்லாதது எதுவோ, அது எல்லாம் சனத்தின் வாயிலிருந்தே வந்து விழுந்தது. மாசி நடுவில் போன் அடிக்கத் தொடங்கியது. அச்சுவேலியிலிருந்து ஒருவர், உரும்பிராயிலிருந்து இருவர். கடை வாசலில் நாலைந்து பம்புகள் வரிசையில் கிடந்தன. சிவகௌரிக்கு உச்சி குளிர்ந்தது.

அந்தச் சந்தோசத்தோடுதான் ஒரு மத்தியானம் அந்தப் பட்டியலைத் திறந்தாள். உங்கள் கடையைக் கண்டவர்கள் என்ன சொல்லைத் தட்டித் தேடினார்கள் என்று வரைபடக்காரர் மாதக் கடைசியில் காட்டுவார்களாம். இதை விட அவளுக்குத் தித்திப்பான விஷயம் வேறு உண்டா? அடுத்தவன் மனதில் என்ன இருந்தது என்று எட்டிப் பார்க்கிற யன்னல் அல்லவா!

முதல் வரி: 'சிமியோன் பம்பு', தொண்ணூற்றாறு பேர். இரண்டாவது: 'பம்பு திருத்துதல் கோப்பாய்'. மூன்றாவது: 'சிமியோன் மெக்கானிக் போன் நம்பர்'. அதற்குக் கீழே 'வோசர் கடை', 'சிமியோன் அண்ணை கடை', 'தவளை எடுத்த பம்புக் கடை' என்றுகூட ஒரு புண்ணியவான். கடைசி வரி வரை இரண்டு தரம் விரலால் இழுத்துப் பார்த்தாள். பரமலிங்கம் என்ற சொல் அதில் இல்லை. ஒரு தரம்கூட இல்லை.

அவளுக்கு முகத்தில் அடித்தது போலிருந்தது. நாற்பது வருடப் பெயர்ப்பலகை, பதினொரு வருடம் இவள் மாடாய் உழைத்த கடை; சனம் வந்தது அந்தப் பலகைக்கும் அல்ல, இவளுக்கும் அல்ல. பின்பக்கத்தில் குந்தியிருந்து கரிக்கையோடு நட் கழற்றுகிற மனுசனுக்கு.

இதில் இன்னொரு பயமும் வந்து ஒட்டிக்கொண்டது. போன கிழமைதான் பூரணம் ஒரு ஊர்ப் புதினம் சொல்லிவிட்டுப் போயிருந்தா. கண்ணாடிக் கடை திருத்தும் பகுதி ஒன்று தொடங்கப்போகிறதாம். அதன் முகாமையாளர் தேத்தண்ணிக் கடையில் சிமியோனோடு அரை மணித்தியாலம் கதைத்தாராம். சிமியோன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இவளும் கேட்கவில்லை. இப்போது இந்தப் பட்டியலை அவரிடம் காட்டினால் என்ன நடக்கும்? தன் பெயருக்கு என்ன மதிப்பு என்று தெரிந்த மனுசன் ஏன் சீற்றுக் கூரைக்குக் கீழே இருக்கவேண்டும்? அவர் போனால், சித்திரை வரை பார்க்கவும் தேவையில்லை. கடை அன்றே முடிந்தது.

மூன்று நாள் மறைத்தாள். மூன்று நாளும் சிமியோனின் முகத்தைப் பார்க்கப் பயந்து, பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கதைத்தாள். அந்த மனுசனின் சொத்தை எடுத்துத் தன் மேசை லாச்சிக்குள் பூட்டி வைத்திருப்பது போல் அருவருப்பாக இருந்தது. நாலாம் நாள் மத்தியானம், அவர் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிவிட்டு வந்தபோது, போனை அவர் முன்னால் வைத்தாள்.

"அண்ணை, இதை வாசியுங்கோ. மூண்டு நாளாக் கிடந்தது. நான் காட்டேல்லை."

சிமியோன் கண்ணாடியைப் போட்டு மெல்ல வாசித்தார். திரும்ப மேலே போய் முதலிலிருந்து வாசித்தார்.

"என்னையோ தேடினவை?"

"ஓம்."

"தொண்ணூற்றாறு சனம்?"

"இந்த மாசம் மட்டும்."

அவர் போனை மேசையில் வைத்தார். பிறகு சொன்னார்: "நான் அங்கை ஓம் எண்டு சொல்லிப்போட்டன் தங்கச்சி. சித்திரை முதலாந் திகதி வரச் சொன்னவை."

சிவகௌரி கதிரையை விட்டு எழும்பினாள். "என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லேல்லையே அண்ணை?"

"நீங்கள் சொன்னனீங்களோ?" சிமியோனின் குரல் ஒருநாளும் உயராதது, அன்று உயர்ந்தது. "சித்திரையோடை கடையைப் பூட்டப்போறியள் எண்டு தம்பியோடை போனிலை கத்தேக்கை எனக்குக் காது கேக்காதோ? பதினெட்டு வருசம். என்னட்டைச் சொல்லக்கூடாதெண்டு நினைச்சியளே. நான் எங்கை போறது? எனக்கும் வீடு வாசல் இருக்கு."

அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மறைக்கவில்லை. "பிழைதான் அண்ணை. பயத்திலை செய்தனான்" என்றாள்.

சிமியோன் எழும்பிப் பின்பக்கம் போய், அரைகுறையில் கிடந்த ஒரு பம்பைக் கழற்றத் தொடங்கினார். பின்னேரம் வரை அதோடேயே இருந்தார். வீட்டுக்குப் போக மோட்டார் சைக்கிளை உதைக்கும்போதுதான், வீதியைப் பார்த்தபடி கேட்டார்.

"அங்கை போனா அவையின்ரை பேர் போட்ட சட்டை தருவினமாம். தலைக்கு மேலையும் அவையின்ரை பேர்தான். இஞ்சை இருந்தா, போர்டிலை என்ரை பேரைப் போடுவியளோ?"

"போடுறன்." அப்பா, தம்பி, கட்டடம் எல்லாம் அதற்குப் பிறகுதான் அவள் ஞாபகத்துக்கு வந்தது. "பேர் மட்டுமில்லை. திருத்து வேலையிலை வாற லாபத்திலை பாதி உங்களுக்கு. கடுதாசியிலை எழுதுவம்."

கஜீபன் குதித்தான். "அப்பான்ரை பேரை எடுத்திட்டு ஆரோ ஒரு மெக்கானிக்கின்ரை பேரைப் போடப்போறியோ? உனக்கென்ன விசரே அக்கா?"

"ஒரு மாசத்திலை அப்பாவை ஒரு சனமும் தேடேல்லையடா தம்பி," என்றாள் சிவகௌரி. "எங்கட ஆக்கள் எண்பத்துமூண்டு பேர் அப்பாவுக்கு அனுதாபம் எழுதினவை. ஒருத்தரும் ஒரு வோசர் வாங்கேல்லை."

"அந்தப் பட்டியலை எனக்கு அனுப்பு பாப்பம்" என்றான். அவனும் அவளுடைய தம்பிதானே, பார்க்காமல் இருக்க முடியுமா? அரை மணித்தியாலம் கழித்துக் குரல் தணிந்து வந்தது. காப்புறுதிக்காரரை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டானாம். தவளை எடுத்த பம்புக் கடை என்று தேடினது ஆர் என்று கேட்டான்.

பங்குனி கடைசிக் கிழமையில் புதுப் பலகை ஏறியது. பலகை ஏறின பிறகுதான் வரைபடத்திலும் பெயர் மாற்றலாம் என்று படித்து வைத்திருந்தாள், அதனால் ஆணி அடித்து முடியவே வீதிக்கு ஓடிப் படம் எடுத்தாள். 'சிமியோன் பம்பு திருத்தகம்.' சிவகௌரியின் பெயரையும் சேர்க்கச் சொல்லிச் சிமியோன் மன்றாடினார். சனம் தேடாத பெயர் பலகையில் எதற்கு என்று அவள் மறுத்துவிட்டாள். பகலில் அதை நறுக்கென்று சொல்லிவிட்டாள். பின்னேரம் வீட்டில் வாகீசனுக்கு முன்னால் கொஞ்சம் அழுதாள்.

சித்திரை முதலாந் திகதி காலை எட்டுக்குச் சிமியோன் வழக்கம்போல் வந்து, பின்பக்கம் போய்க் குந்தினார். ஒன்பது மணியளவில் போன் அடித்தது. புது ஆள், பெண் குரல், கொடிகாமம் பக்கம்.

"சிமியோன்ரை கடையோ? போன் வரைபடத்திலை பாத்து எடுக்கிறன்."

"ஓம், அவரின்ரை கடைதான்."

"நீங்கள் ஆர்? அவரிட்டை வேலை செய்யிற பிள்ளையோ?"

சிவகௌரி ஒரு கணம் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"ஓம் அம்மா," என்றாள். "மிசினுக்கு என்னவாம், சொல்லுங்கோ."